எரிச்சல் அடங்கியது, புண் ஆறியதா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இரைப்பை, குடல் நோய் மருத்துவர்கள் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அஜீரணம் என்றோ இரத்த வாந்தி என்றோ வந்து எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களின் இருபது ஆண்டுப் பதிவுகளை அதில் ஒப்பிட்டிருந்தார்கள். 1988-ல் அப்படி வந்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு முன்சிறுகுடலில் புண் இருந்தது. 2008-ல் அந்த எண்ணிக்கை மூன்றுக்கும் கீழே போய்விட்டது. இரைப்பைப் புண் 4.5 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாக இறங்கியிருந்தது. போளூருக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல. காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் இருக்கிறது போளூர். ஜமுனாமரத்தூரிலிருந்து கிழக்கே மலையிறங்கும் ஜவ்வாது மலை மக்களுக்குச் சந்தை, ஆஸ்பத்திரி, மருந்துக்கடை எல்லாம் இந்த ஊர்தான். பெரிய வைத்தியம் என்றால் அடுத்த பஸ் வேலூருக்கு. எனவே அந்த ஆய்வு கணக்கெடுத்ததில் இந்தச் சுற்றுவட்டார மக்களின் வயிறுகளும் உண்டு. முன்சிறுகுடல் புண் நான்கில் ஒரு பங்காகக் குறைந்த அதே காலத்தில், அமிலத்தை அடக்கும் மருந்துகளின் விற்பனை நாடு முழுவதும் பெருகியது. இன்று ‘எனக்கு அல்சர்’ என்று சொல்லி மாத்திரை வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றில் புண்ணே இல்லை. புண் உள்ள சிலருக்கோ, அந்த மாத்திரை மட்டும் போதாது.

இந்த மருந்துகள் பொய் என்று நான் சொல்லவில்லை. செய்வதாகச் சொன்னதை அவை கச்சிதமாகச் செய்கின்றன, அமிலத்தைக் குறைக்கின்றன. அமிலம் குறைந்ததும் எரிச்சல் அடங்குகிறது. எரிச்சல் அடங்கியதும் நோய் தீர்ந்தது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பிழை இந்தக் கடைசி எட்டில்தான் இருக்கிறது. எரிச்சல் ஏன் வந்தது என்ற கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடும் அளவுக்கு இந்த மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன.

மருந்து என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை 1824-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் நிறுவினார். ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. வெறும் வயிற்றில் அதன் பி.எச். அளவு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்கும். சாப்பாட்டோடு வரும் கிருமிகளைக் கொல்வதும், புரதத்தை உடைக்கும் பெப்சினை முடுக்கிவிடுவதும், உணவிலுள்ள இரும்பும் பி12 வைட்டமினும் உடம்பில் சேர வழி செய்வதும் இந்த அமிலம்தான். இவ்வளவு கடுமையான திரவத்தை வைத்துக்கொண்டும் இரைப்பை தன்னைத் தானே அரித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு அதன் உட்சுவரில் படிந்த சளிப்படலமும், அதற்கடியில் சுரக்கும் பைகார்பனேட்டும் காரணம். இந்தக் காப்பு எங்கே பலவீனப்படுகிறதோ அங்கே அமிலமும் பெப்சினும் இறங்கிக் குழி பறிக்கின்றன. அதுதான் புண். அமிலம் இல்லாத இடத்தில் இந்தப் புண் வராது என்று 1910-ல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் சொன்னார். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. அமிலம் எல்லோருக்கும் சுரக்கிறது, புண் சிலருக்குத்தான் வருகிறது. காப்பு ஏன் உடைந்தது என்ற மறுபாதிக்கு விடை கிடைக்க இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஜெலுசில், டைஜீன் போன்ற அமில முறிப்பு மருந்துகளில் இருப்பவை அலுமினியம் ஹைட்ராக்சைடும் மக்னீசியம் சேர்மங்களும். அமிலத்தோடு இவை கலந்தால் உப்பும் தண்ணீரும் மிஞ்சும். பள்ளிக்கூடத்து வேதியியல்தான், வயிற்றுக்குள் நடக்கிறது, அவ்வளவே. பி.எச். ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏறினாலே அமிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு போய்விட்டதாக அர்த்தம். நான்கைத் தாண்டினால் பெப்சினும் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். குடித்த சில நிமிடங்களில் நெஞ்செரிச்சல் தணிவது இதனால்தான். அலுமினியம் மலத்தை இறுக்கும், மக்னீசியம் இளக்கும்; இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்ப்பது அந்த இரண்டையும் சமன் செய்யத்தான். ஈனோவிலும் சோடா உப்பிலும் இருப்பது சோடியம் பைகார்பனேட். அது அமிலத்தை எல்லாவற்றையும் விட வேகமாக முறிக்கும். முறிக்கும்போது கரியமில வாயு கிளம்பும், பெரிய ஏப்பம் வரும், வயிறு லேசானது போலிருக்கும். அந்த ஏப்பத்தின் காற்று பெரும்பாலும் மருந்தே உண்டாக்கியது. கூடவே உடம்புக்குள் போகும் சோடியம், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நல்லதல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அலுமினியமும் மக்னீசியமும் வெளியேறாமல் தங்கிவிடும்.

எந்த நேரத்தில் குடிக்கிறோம் என்பதற்கு நாம் கொடுக்கும் கவனம் போதாது. வெறும் வயிற்றில் குடித்த அமில முறிப்பு அரை மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அதே மருந்து இரண்டு மூன்று மணி நேரம் வரை நிற்கும். இன்னொரு கவனமும் வேண்டும். இந்த மருந்துகள் அமிலத்தை மட்டும் பிடிப்பதில்லை, கூட வரும் மாத்திரைகளையும் பிடித்துக்கொள்கின்றன. கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை, காசநோய்க்கான ஐசோனியாசிட், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாம் இதோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். சோகை பரவலாக இருக்கும் மலையூர்களில், செவிலியர் கொடுத்த இரும்பு மாத்திரையைச் சாப்பிட்டதும் வயிறு எரிகிறதென்று உடனே அமில முறிப்பைக் குடித்தால், விழுங்கிய இரும்பில் ஒரு பகுதி வீணாகிவிடும்.

எரிச்சலைத் தணிப்பதோடு இவை புண்ணை ஆற்றவும் செய்யுமா? செய்யும், அளவு போதுமானால். அமெரிக்காவில் பீட்டர்சன் குழுவினர் 1977-ல் வெளியிட்ட ஆய்வில், முன்சிறுகுடல் புண் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் மூன்று மணி நேரம் கழித்தும், பிறகு படுக்கும் முன்னும் என்று நாளுக்கு ஏழு வேளை அமில முறிப்புத் திரவம் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் நூற்றுக்கு 78 பேருக்குப் புண் ஆறியது. வெறும் போலி மருந்து குடித்தவர்களில் 45 பேருக்கு ஆறியது. இந்த இரண்டாவது எண்ணை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒன்றுமே இல்லாத மருந்தைக் குடித்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குப் புண் தானாக ஆறியிருக்கிறது. வந்து போய், மறுபடி வருவதுதான் இந்தப் புண்ணின் இயல்பு. அதனால் மணத்தக்காளிக் கீரையோ மோரோ கஷாயமோ மாத்திரையோ, அந்த நேரத்தில் எது கையில் இருந்ததோ அதற்கே பெயர் கிடைத்துவிடுகிறது. ஒரு மருந்தால் குணமானதா என்று அறிய, ஒரு முறை ஆறியதா என்று கேட்டால் போதாது. திரும்ப வந்ததா என்று கேட்க வேண்டும்.

நாளுக்கு ஏழு வேளை திரவம் குடிப்பது யாருக்கும் ஆகிற காரியமில்லை. அந்தச் சிரமத்துக்கு முடிவுகட்டியது 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெடிடின். சுரந்த அமிலத்தை முறிப்பதற்குப் பதில், சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் சமிக்ஞையையே அது தடுத்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஓமிபிரசோல் வந்தது. அமிலத்தை வெளியே தள்ளும் பம்பையே அடைத்துவிடும் ஓமிபிரசோல், பான்டோபிரசோல் வகையறாதான் இன்று நம் ஊர்களில் ‘கேஸ் மாத்திரை’. இந்த பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் வேலைக்குக் கிளம்புகின்றன. வேலையில் இருக்கும் பம்பைத்தான் மருந்தால் அடைக்க முடியும். ஆகையால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். எரிச்சல் வந்த பிறகு, சாப்பிட்ட பிறகு, அல்லது இராத்திரி நினைவு வந்தபோது போடுகிறவர்கள் மருந்தின் பெரும்பகுதியை வீணாக்குகிறார்கள். இடையில் வந்த ரானிடிடினின் கதை வேறு விதமாக முடிந்தது. அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பது தெரிந்து, 2020-ல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அது 2022-ல் நீக்கப்பட்டது.

இனி அந்த மறுபாதிக்கு வருவோம். தென்னிந்தியா ஒரு காலத்தில் முன்சிறுகுடல் புண்ணுக்குப் பேர்போன பூமி. எவரெஸ்ட் ஏறப் போன 1922, 1924 பயணக் குழுக்களில் இருந்த தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவராகத் தங்கிவிட்டவர். அங்கே வரிசையில் நின்றவர்களில் இந்தப் புண்காரர்கள் அத்தனை பேர் இருந்ததால், 1936-ல் ஓர் (Orr) என்ற சக மருத்துவருடன் சேர்ந்து அதைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிறகு வேலூருக்கு வந்து அறுவை மருத்துவம் கற்பித்தவரும் அவரே. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன், மரவள்ளிக்கிழங்கை நம்பிய திருவிதாங்கூர் ஏழைச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் வயிற்றிலும் புண் வந்தது. ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1960-களில், கோதுமை தின்னும் வடக்கத்தித் தொழிலாளர்களை விட அரிசி தின்னும் தெற்கத்தியருக்கு இந்தப் புண் பல மடங்கு அதிகம் என்று காட்டினார். மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி, தீட்டாத கோதுமையும் சில சிறுதானியங்களும் பருப்புகளும் உணவாக உள்ள இடங்களில் புண் குறைவு என்று 1970-களில் எழுதினார். அந்த நாட்களில் புண் ஆறி ஆறித் தழும்பாகி, முன்சிறுகுடல் வாய் சுருங்கி, காலையில் தின்றது மாலையில் அப்படியே வாந்தியாக வரும் நிலையில்தான் பலரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு வழியில் இணைக்கும் அறுவை நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அன்றாட வேலையாக இருந்தது. வயிற்றின் நடுவே நெடுக்காக ஓடும் தழும்போடு அறுபது, எழுபது வயதுக்காரர்களை இன்றும் இந்தப் பக்கத்தில் காணலாம்.

அமிலம், உணவு, மனக்கவலை என்று உலகம் முழுக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையின் சளிப்படலத்துக்கு அடியில் குடியிருக்கும் ஒரு வளைந்த கிருமியைக் கண்டார்கள். 1982-ல் அதை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பிறகு பெயர் பெற்ற அந்தக் கிருமிக்காக இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. யூரியாவை அம்மோனியாவாக மாற்றி, தன்னைச் சுற்றிலும் உள்ள அமிலத்தைத் தானே முறித்துக்கொண்டு அது வாழ்கிறது. அதனால் நாம் அமிலத்தைக் குறைப்பதால் மட்டும் அது சாவதில்லை. மார்ஷல் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த வாதத்தின் நடுத்தூண். கிருமி அழிந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்குப் புண் ஆறியது; ஓராண்டுக்குள் திரும்ப வந்தது 21 பேருக்கு. கிருமி அழியாமல் தங்கியவர்களிலும் 61 பேருக்கு ஆறத்தான் செய்தது. ஆனால் ஆறியவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு அந்த ஆண்டிலேயே மறுபடி புண் வந்தது. வருஷம் தவறாமல் புண் திரும்பியவர்களுக்கு மருந்தில் குறை இருக்கவில்லை, அது தொடவேண்டிய இடத்தைத் தொடவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். வேலூர்க் கணக்கில் புண் குறைந்ததே எல்லோரும் அமில மாத்திரை சாப்பிடுவதால்தானே, பிறகு அதை ஏன் குறை சொல்ல வேண்டும்? மாத்திரைக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். வலி வந்ததும் நாலு வாரம் விழுங்கிவிட்டு வந்தவரின் புண், எண்டோஸ்கோப்பிக் குழாய் உள்ளே போகும் முன்பே ஆறியிருக்கலாம். ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முன்சிறுகுடல் புண் குறையத் தொடங்கியது சிமெடிடின் வருவதற்கும் முன்னால். பின்னால் பிறந்த தலைமுறைகளுக்கு வாழ்நாள் முழுக்கவே புண் குறைவாக வந்தது. கிருமி பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கமான வீட்டில், கெட்ட தண்ணீரிலும் கழிப்பிட வசதி இல்லாத இடத்திலும் தொற்றுவது என்பதால், குழந்தைப் பருவச் சுகாதாரம் மேம்பட்ட தலைமுறை புண்ணிலிருந்து தப்பியது. இன்னொரு மறுப்பும் உண்டு. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கிருமி இருக்கிறது, வடக்கிலும் தெற்கிலும். பிறகு தெற்கில் மட்டும் ஏன் புண் அத்தனை அதிகமாக இருந்தது? கிருமி மட்டுமே முழு விடை அல்ல என்பதை இந்தக் கேள்வி காட்டுகிறது. டோவி கடைசி வரை சொன்ன உணவின் பங்கை நானும் தள்ளிவிடமாட்டேன். அதற்காக ஜவ்வாது மலைச் சாமை தின்றால் புண் வராது என்று இதிலிருந்து கிளம்பிவிடக் கூடாது. டோவி பேசியது சில சிறுதானியங்களைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி அல்ல. ஆனால் இந்த மறுப்புகள் எதுவும் அமில மாத்திரையின் பக்கம் சாயவில்லை. கிருமியோ உணவோ, காரணம் அமிலத்துக்கு முந்திய இடத்தில் இருக்கிறது.

மிளகாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் வயிறு எரிந்தால் வீட்டில் முதலில் பழி விழுவது அதன் மேல்தான். 1988-ல் அமெரிக்காவில் டேவிட் கிரஹாம் குழுவினர் மிளகாயை நேரே வயிற்றுக்குள் செலுத்தி எண்டோஸ்கோப்பியில் பார்த்தார்கள். இரைப்பைச் சுவரில் காயம் தெரியவில்லை. சிங்கப்பூரில் 1995-ல் வெளியான ஆய்வில், புண் உள்ளவர்கள் இல்லாதவர்களை விட மிளகாயைக் குறைவாகவே சாப்பிட்டிருந்தார்கள். காரம் சிலருக்கு எரிச்சல் தரும், அவர்கள் குறைத்துக்கொள்ளட்டும். புண்ணுக்கு அது காரணமல்ல. பீடி, சிகரெட்டின் கதை வேறு: புகை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதில் சந்தேகமில்லை.

கிருமிக்கு அடுத்த காரணம், இன்று ஒருவேளை அதையும் முந்திவிடக்கூடிய காரணம், வலி மாத்திரை. ஆஸ்பிரினும் டைக்ளோஃபினாக்கும் ஐபுபுரூஃபனும் வலி, வீக்கத்தை உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின்களைத் தடுத்துத்தான் நிவாரணம் தருகின்றன. 1971-ல் ஜான் வேன் கண்டுபிடித்தது இதைத்தான். 1982-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆனால் இரைப்பையின் சளிப்படலத்தைக் கட்டிக் காப்பதும் அதே புராஸ்டகிளாண்டின்கள்தான். முட்டி வலிக்கு விழுங்கியது வயிற்றின் காப்பைக் கழற்றிவிடுகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போய் இடுப்பு ஒடிந்தவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘ஒரு செட் மாத்திரை’யில் இது ஏறக்குறைய எப்போதும் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு கேஸ் மாத்திரையும் இருக்கும். நம் சட்டமே இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறது. 1945-ன் மருந்து விதிகளில் அட்டவணை ‘கே’ என்று ஒன்று உண்டு. ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமங்களில் உரிமம் இல்லாமலே விற்கத்தக்க வீட்டு மருந்துகளின் பட்டியல் அதில் வருகிறது. அந்தப் பட்டியலில் ஆஸ்பிரின் மாத்திரையும் இருக்கிறது, அமில முறிப்பு மருந்தும் இருக்கிறது. ஜவ்வாது மலையின் சிற்றூர்கள் பல இந்த வரம்புக்குள் வருபவை. காட்டு வேலைக்கும் சுமைக்கும் போய் உடம்பு வலித்தவருக்குப் பெட்டிக்கடையில் இரண்டும் கிடைக்கும். ஒன்று வயிற்றின் காப்பைக் குலைக்கும், மற்றது அந்தக் குலைவை உணராமல் செய்யும். தொலைதூர மலைவாசிக்கு அவசர நிவாரணம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதிதான் அது. எடுத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. வலி மாத்திரை தின்கிறவரின் வயிற்று எரிச்சலுக்கு முதல் மருந்து, அந்த வலி மாத்திரையை நிறுத்துவதோ பாராசிட்டமாலுக்கு மாற்றுவதோதான் என்பதை விற்கிறவரும் வாங்குகிறவரும் அறிந்திருந்தால் போதும். இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு ஆஸ்பிரினோடு பான்டோபிரசோல் எழுதுவது புண்ணைத் தடுக்கத்தான். அந்த இடத்தில் அது உயிர் காக்கும் மருந்து.

புண்ணும் இல்லை, கிருமியும் இல்லை, வலி மாத்திரையும் இல்லை, ஆனாலும் வயிறு பொருமுகிறது, எரிகிறது என்பவர்கள்தான் பெருங்கூட்டம். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாத இந்த அஜீரணத்துக்கு அமில மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2017-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. பதினொரு பேருக்குக் கொடுத்தால் அதில் ஒருவருக்குத்தான் போலி மருந்தை விடக் கூடுதல் பலன். ஒருவருக்காவது கிடைக்கிறதே, கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான்கு வாரம் கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. நிறுத்துவதுதான் கடினம். 2009-ல் கோபன்ஹேகனில் வயிற்றுத் தொல்லை எதுவுமே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் ஈசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது. போலி மருந்து சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அணை திறந்தாற்போல, அடக்கி வைத்த அமிலம் நிறுத்தியதும் கூடுதலாகச் சுரக்கிறது. மாத்திரை விட்டால் எரிகிறது, அதனால் எனக்கு நோய் இருக்கிறது என்று பல ஆண்டு விழுங்குகிறவர்களில் ஒரு பகுதியினர், மாத்திரை உண்டாக்கிய எரிச்சலுக்கே மாத்திரை விழுங்குகிறார்கள். ஒரே நாளில் நிறுத்தாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, இடையில் எரிந்தால் பழைய அமில முறிப்புத் திரவத்தைக் குடித்துச் சமாளித்தால் சில வாரங்களில் அந்த வேகம் அடங்கும்.

எதிர்த் திசையிலிருந்து வரும் பயமுறுத்தலையும் நான் ஏற்கவில்லை. இந்த மாத்திரை எலும்பை அரிக்கும், மூளையைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தின்னும் என்று கைப்பேசிகளில் சுற்றும் செய்திகளில் கொஞ்சம் உண்மையும் நிறைய மிகையும் இருக்கின்றன. சிறுநீரகத்துக்குத் திடீர் பாதிப்பு வரலாம் என்ற எச்சரிக்கையை மருந்தோடு தர வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2019-ல் சொன்னது உண்மை. நீண்ட காலம் சாப்பிட்டால் பி12-ம் மக்னீசியமும் குறையலாம் என்பதும் உண்மை. ஆனால் அதே 2019-ல், 17,598 பேரிடம் மூன்று ஆண்டு பான்டோபிரசோலையும் போலி மருந்தையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு வெளியானது. குடல் தொற்று மட்டும் 1.0 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாகக் கூடியது. அஞ்சப்பட்ட மற்ற எதுவும் கூடவில்லை. வயிற்றின் அமிலம் குடிநீர்க் கிருமிகளுக்கு எதிரான காவல் என்பதால் அந்த ஒரு கூடுதலும் எதிர்பார்க்கத்தக்கதே. ஊற்று நீரும் கிணற்று நீரும் அப்படியே குடிக்கும் இடங்களில் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த மருந்தின் பெரிய ஆபத்து அதன் பக்கவிளைவு அல்ல. அது மறைப்பவைதான்.

மறைப்பவற்றில் முதலாவது மாரடைப்பு. நெஞ்சின் நடுவே அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, மூச்சுத்திணறல் இவற்றில் எது இருந்தாலும், குறிப்பாக நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை நோயாளிகளும், கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. ஏப்பம் வந்து கொஞ்சம் லேசானாலும் அது சான்று ஆகாது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மலைப்பாதை. காத்திருந்த நேரத்தை அந்த வளைவுகளில் திரும்பப் பிடிக்க முடியாது. மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-ல் தொடங்கப்பட்டது. பக்கத்திலிருக்கும் நிலையத்துக்கு முதலில் போக வேண்டும். இரண்டாவது இரைப்பைப் புற்றுநோய். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் முன்வரிசையில் இருந்து வரும் நோய் அது. ஆரம்ப நிலையில் அதன் எரிச்சலும் அமில மாத்திரைக்கு அடங்கிப்போகும். தார் போலக் கறுத்த மலம், இரத்தமோ காப்பித்தூள் போன்றதோ வாந்தியில் வருவது, காரணமில்லாத எடை இழப்பு, விழுங்கும்போது தடைபடுவது, சோகை, ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கிய அஜீரணம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பட்டை மாத்திரை வாங்காமல் எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும்.

கூலி வேலைக்குப் போகும் மனுஷருக்கு ஒரு நாள் சம்பளம் போய், பஸ் செலவும் செய்து வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் அலைய முடியுமா, சில ரூபாய் மாத்திரை அவருக்கு வரமல்லவா என்ற கேள்வியைத்தான் நான் எல்லாவற்றையும் விடக் கனமான மறுப்பாக எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் குறை காண்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வயிறு எரியும் எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. அபாய அறிகுறி இல்லாத இளவயதினருக்குக் கிருமி இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதித்தோ மூச்சைப் பரிசோதித்தோ கண்டுபிடிக்கலாம். மல மாதிரியைப் போளூர் அரசு மருத்துவமனையிலோ ஜமுனாமரத்தூரிலோ வாங்கி அனுப்பிவிட்டால், நோயாளி மலையிறங்கவே வேண்டியதில்லை. மருந்து கொள்முதலில் 1994 முதல் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உள்ள மாநிலத்தில், இந்த ஒரு பரிசோதனையை மலை வட்டாரங்களுக்காவது இலவசமாகத் தருவது நடக்கக்கூடியதே. பத்து ஆண்டு விழுங்கும் மாத்திரைச் செலவோடு ஒப்பிட்டால் கிருமிக்கான பதினான்கு நாள் சிகிச்சை ஏழைக்கு மலிவு. அமில மாத்திரையும் அந்தச் சிகிச்சையின் ஓர் அங்கம்தான். ஆன்டிபயாட்டிக்குகள் இரைப்பையில் சரியாக வேலை செய்ய அது வழி விடுகிறது.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் அதற்கு இரண்டு வாரம் முன்பே பான்டோபிரசோல், ஓமிபிரசோல் வகை மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் கழிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். இதை மருந்துச் சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சிகிச்சை முடிந்து நான்கு வாரத்துக்குப் பிறகு அதே பரிசோதனையை மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். மெட்ரோனிடசோலுக்கு இந்தியாவில் இந்தக் கிருமி பெரும்பாலும் பழகிவிட்டது, கிளாரித்ரோமைசினுக்கும் பழகி வருகிறது. அதனால் முதல் சுற்றில் கிருமி சாகாதவர்களுக்கு வேறு மருந்துகளோடு இரண்டாவது சுற்று தேவைப்படும். அவர்கள் யார் என்று அந்த இரண்டாவது பரிசோதனை சொல்லும். எரிச்சல் அடங்கியதை வைத்துச் சொல்ல முடியாது.